பஸ்ரா அம்மன்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் இழுப்பறைகளைத் திறப்பார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுடையது கடைசி வீடு. பின்பக்கம் தண்டவாளம். வண்டி போனால் அடுப்படியில் தட்டுகள் ஒலிக்கும். முன்னறை அலமாரிக்குள் பதக்கங்களும் ஒலிக்கும். தட்டுகள் முதலில் அடங்கும். பதக்கங்கள் வண்டி தூரம் போகும்வரை முனகிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது. பிறகு அது இல்லாத இடத்தில் தூக்கம் வராமல் போனது.

அவர் பெயர் கார்த்திகேசு. ரயில்வே பண்டகசாலையில் கிராணி. எழுத்து வேலை பார்க்கிற எவரையும் அந்த நாளில் இங்கே கிராணி என்பார்கள். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொண்டர் படையில் சேரப் போனவரை நெஞ்சு அகலம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"கரப்பான் பூச்சியைக் கண்டாலும் கதவைத் திறந்து வெளியில விடுற மனிசன். வீட்டுக்குள்ள ஒரு பட்டாளத்தையே வைச்சிருக்கிறார்."

அலமாரியைச் செந்தூல் பட்டறைத் தச்சர் ஒருவர் செய்துகொடுத்தார். அகலமான, ஆழமில்லாத இழுப்பறைகள். உள்ளே பச்சைக் கம்பளித் துணி. ஏதோ கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து கழற்றிப் போட்டது. அதன்மேல் தொப்பிச் சின்னங்கள், தோள்பட்டை எழுத்துகள், பித்தளைப் பொத்தான்கள், நாடா மங்கிய பதக்கங்கள். பெரும்பாலும் சீக்கியர்களிடமிருந்து வந்தவை. தைப்பிங்கில் இருந்த, கைட்ஸ் என்ற இந்தியச் சிப்பாய்ப் படையைக் கலைத்தபின் பலர் கோலாலம்பூரில் வங்கி வாசல்களில் காவல் இருந்தார்கள். இவர் வேலை முடிந்து வரும் வழியில் அவர்களோடு நின்று கதைப்பார். ஒரு கம்பளிச் சட்டைக்கு ஒரு சின்னம். ஒரு மணிக்கூட்டுக்கு ஒரு பதக்கம். எங்கள் கலியாணத்துக்கு வந்த சுவர்மணிக்கூடு அப்படித்தான் போனது.

ஒருமுறை கேட்டேன், இதில் என்னதான் இருக்கிறது என்று.

ஒரு பதக்கத்தை என்னிடம் நீட்டினார். "ராசாவின்ர தலை எல்லாத்திலையும் ஒண்டுதான். விளிம்பைப் பாரும்."

விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு பெயர் அடித்திருந்தது. பக்கத்தில் ஓர் இலக்கம்.

"ஆள் அங்கைதான் இருக்கிறான்" என்றார்.

முதல் வருஷம் சரஸ்வதி பூசைக்கு நான் எல்லாவற்றையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னின. அவர் வந்து பார்த்தார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள்தான் பேசினார். "கறுப்பு எண்டது அதின்ர வயசு. நீர் வயசைக் கழுவிப்போட்டீர்." அதன்பிறகு நான் தொட்டதில்லை. பின்னேரங்களில் அவர் ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைப் படிப்பார். நான் எதிரே இருந்து பின்னுவேன். சந்தா சிங். மேவா சிங். ஹசன் கான். வெளியே மாட்டுவண்டிகள் செங்கல் ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அவர்களெல்லாம் தூரத்து உறவினர்போல ஆகிவிட்டார்கள். அப்படிப்பட்ட பின்னேரங்கள் எத்தனையோ இருந்திருக்கும். இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே பின்னேரமாக நினைவில் நிற்கிறது.

கன்னையா எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர். முன்பு என் கணவரின் கந்தோரில் பியூன். பிறகு கிள்ளானில் ரயில்வே கேட் காவலுக்கு மாற்றினார்கள். லீவு நாளில் வருவார். வெறுங்கையோடு வரமாட்டார். ஒரு பழைய பெல்ட் பூட்டு, பாசாரில் கிடந்த ஒரு பொத்தான். நாற்பது வயது இருக்கும். தனி ஆள். இருமல்காரர்.

ஒரு ஞாயிறு லண்டனிலிருந்து விலைப்பட்டியல் ஒன்று வந்திருந்தது. பதக்கங்கள் விற்கிற கடை. படங்களோடு அச்சடித்தது. என் கணவர் அதை மேசையில் விரித்து வைத்திருந்தார். கன்னையா தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது நம்மூரு அம்மனா?"

வட்டமான ஒரு தகட்டின் படம். நீளமான ஆடையில் ஒரு பெண். ஒரு கையில் திரிசூலம். காலடியில் சிங்கம்.

"அம்மன் இல்லை. பிரித்தானியா. வெள்ளைக்காரர் தங்கட நாட்டைப் பொம்பிளையாக் கீறி வைச்சிருக்கினம்."

"சூலம் வச்சிருக்கே. சிங்கம் வேற நிக்குது."

"ஓம். வெண்கலம். உள்ளங்கையை விடப் பெரிசு. ஒண்டு கிடைக்காதோ எண்டு நான் எத்தினை வருசமாப் பாக்கிறன்." அவர் குரல் மாறியது. "பதக்கம் சண்டைக்குப் போனவை எல்லாருக்கும் குடுத்தவை. இது அப்பிடியில்லை. சண்டையில செத்தவையின்ர வீட்டுக்கு மட்டும்தான் போகும். இந்தா, இந்தச் சதுரத்துக்குள்ள ஆளின்ர பேர். பதவி, பட்டம் ஒண்டும் இல்லை. ஜெனரல் எண்டாலும் கூலி எண்டாலும் வெறும் பேர்."

"செத்தவங்க வீட்டுக்கு மட்டுமா?"

"மட்டும்."

"உசிரோட இருக்கறவங்க யாரும் அனுப்ப முடியாதா? வாங்கி, வீட்டுக்கு?"

"இதென்ன கடைச் சாமானே?"

கன்னையா தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோது வாசலிலேயே நின்று சொன்னார். "அந்த மாதிரி ஒண்ணு கிள்ளான்ல இருக்குங்க. ஒரு பொம்பள வச்சிருக்கு. ஐயா வந்து பாக்கணும்."

என் கணவர் எழுந்துவிட்டார். "என்ன பேர் போட்டிருக்குது?"

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் ஐயாகிட்ட வரேன்?"

"தருவாவோ?"

"அத வந்து பாருங்க. அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க." என் பக்கம் திரும்பினார். "வரப்ப ஒரு தேங்கா, பழம், கொஞ்சம் பாலு எடுத்துக்குங்கம்மா."

"ஏன்?"

"சும்மா போகக்கூடாதுங்க."

நாங்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிறு என் கணவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். வண்டியில் ஒரு இடத்தில் இருக்கவில்லை. சுங்கை வே தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். வெயில் மரங்களுக்கிடையில் பட்டுப் பட்டு அவர் முகத்தில் ஓடியது. கலியாணத்தன்று பார்த்த முகம் போல இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"அண்டைக்கு இவ்வளவு பதட்டம் இல்லை" என்றார்.

கிள்ளான் ஸ்டேஷனில் கன்னையா காத்திருந்தார். கேட்டைத் தாண்டி லைன் வீடுகள். ஒரு வீட்டு வாசலில் மட்டும் வேப்பிலை கட்டியிருந்தது. சாணம் தெளித்துக் கோலம். ஒரு கிழவர் வெளியே வந்துகொண்டிருந்தார், நெற்றி நிறையக் குங்குமம்.

"பஸ்ரா அம்மன பாக்க வந்தீங்களா?" என்றார். "நல்ல நேரம். கூட்டமில்ல."

என் கணவர் கன்னையாவைப் பார்த்தார். கன்னையா நிலத்தைப் பார்த்தார்.

உள்ளே ஒரே அறை. கிழக்குச் சுவரோடு ஒரு பலகை. பலகையில் மஞ்சள் துணி. அதன்மேல், வேப்பிலைக்கும் அரளிக்கும் நடுவில், அந்த வெண்கல வட்டம் சாய்ந்து நின்றது. சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பிப் பெண்ணின் உருவம் மட்டும் தெரிந்தது. சூலம் தெரிந்தது. சிங்கம் தெரிந்தது. முன்னால் விளக்கு எரிந்தது.

பவுனம்மாள் எங்களைப் பாய் போட்டு இருத்தினாள். முப்பது வயது கடந்தவள். நிமிர்ந்த உடம்பு. பெரிய பொட்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது.

"பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்தா வரீங்க? அவ்வளவு தூரம் பேரு போயிருச்சா?" அவளுக்குப் பெருமை. "எல்லாம் அவரு அனுப்பினது."

அவள் கணவன் சபாபதி. எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. முதல் மகாயுத்த நேரத்தில் இராக் நாட்டுப் பஸ்ராவில் பட்டாளத்து ரயில் ஓட்ட இங்கிருந்து ஆள் எடுத்தபோது போனான். முதலில் யாரையோ பிடித்துக் கடிதம் எழுதிப் போட்டான். பிறகு நின்றுபோனது. சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் வந்தார்கள். அவன் வரவில்லை. அதற்கும் பிறகுதான் பொட்டலம் வந்தது.

"நாங்க மொதல்ல இருந்த தோட்டத்துக்குப் போயிருக்கு. கங்காணி கொண்டாந்தாரு. அவருதான் பிரிச்சாரு. பிரிச்சதும் கையெடுத்துக் கும்பிட்டாரு. உன் புருசன் கடல் தாண்டி அம்மன அனுப்பியிருக்கான்டி, உன்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டமேன்னு காவலுக்கு அனுப்பியிருக்கான்னாரு. கூட ஒரு காயிதம் இருந்துச்சு. அது மழையில ஊறிப்போச்சு." பலகையைக் காட்டினாள். "பாத்தீங்களா, பக்கத்துல ரெண்டு மீனு. கடல் தாண்டி வந்தால்ல, அதுக்கு."

மீன்கள் உண்மையாகவே இருந்தன.

என் கணவர் எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றார். கை பைக்குள் போனது. கண்ணாடியை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"ஆம்பளைங்க தொடக்கூடாதுங்க" என்றாள் பவுனம்மாள். "அம்மா தொடலாம். பாலு கொண்டாந்திருக்கீங்களே, நீங்களே புடிங்க. நான் ஊத்தறேன்."

அவள் அதை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தாள். கீழே ஒரு தாம்பாளம். முதலில் தண்ணீர். விரலால் மெல்லத் தேய்த்தாள். சந்தனம் கரைந்து வழிந்தது. மஞ்சள், சிவப்பு, பிறகு வெண்கலத்தின் பழுப்பு. விளிம்போரமாக எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. நான் உடுவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரச்சிகளிடம் இங்கிலீஷ் படித்தவள். படிக்காமல் இருக்க முடியவில்லை.

சதுரத்துக்குள் சபாபதியின் பெயர். சுற்றிவர, அவன் இறந்தான் என்றும் எதற்காக இறந்தான் என்றும் இருந்தது. சுதந்திரத்துக்காக. மானத்துக்காக.

"எழுத்து இருக்குல்ல?" என்றாள் பவுனம்மாள். "நானும் பாத்திருக்கேன். படிக்கத் தெரிஞ்சவங்க வரப்பல்லாம் சந்தனம் மூடியிருக்கும். என்ன போட்டிருக்கும்மா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். வாசலில் கன்னையா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமலை அடக்கினார்.

"பேர் போட்டிருக்குது" என்றார் என் கணவர். "சபாபதி எண்டு."

"அவரு பேரா!" அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மனோட சேத்து எழுதச் சொல்லியிருக்காரு. சுத்தி இருக்கறது?"

என் கணவர் பையை மூடினார். "அது அம்மனுக்கு எழுதின துதி."

தப்பான பெயர் எழுதிய சீட்டோடு ஒரு பொத்தான் இருந்தால்கூட அதைத் திருத்தும்வரை உறங்காத மனிதர். அவர் வாயில் நான் கேட்ட முதல் பொய் அது.

பவுனம்மாள் பாலை ஊற்றினாள். என் விரல்களுக்கிடையில் வழிந்தது. பிறகு எனக்குத் திருநீறு பூசிவிட்டாள். "அவரு வந்ததும் பத்துமலைக்குக் காவடி எடுக்கறதா வேண்டுதல். நீங்களும் வரணும்" என்றாள்.

வெளியே வந்து கேட் வரை நடந்தோம். கேட் அருகே கன்னையாவின் காவல் குடிசை. அதன் வாசலிலிருந்து பார்த்தால் பவுனம்மாளின் கதவு நேரே தெரியும்.

என் கணவர்தான் முதலில் கேட்டார். "கன்னையா, அவவுக்குத் தெரியாதெண்டு உமக்குத் தெரியும்."

"தெரியுங்க."

"ஏன் என்னை இழுத்தனீர்?"

"நீங்க சொல்லுவீங்கன்னு." அவர் கோபமாக இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "படிச்சவங்க. அதப்பத்தித் தெரிஞ்சவங்க. நீங்களும் துதின்னுட்டீங்க."

"நீரே சொல்லியிருக்கலாமே."

"நானா?" சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கும்வரை காத்திருந்தோம். "நான் அதக் கட்டிக்கிறேன்னு ரெண்டு வாட்டி கேட்டாச்சுங்க. புருசன் இருக்கறவள இப்படிக் கேக்கலாமான்னு தொடப்பக்கட்டைய எடுத்துச்சு. இப்ப நான் போய் உம் புருசன் செத்துட்டான்னா, எதுக்குச் சொல்றேன்னு நெனைக்கும்? இந்த லைன்ல யாரு நம்புவா?"

யாரும் நம்பமாட்டார்கள்தான்.

"ராத்திரிக்குக் கதவத் தாழ் போடறதில்லங்க அது" என்றார். "அவரு எந்நேரம் வந்தாலும் தட்டாம உள்ள வரணுமாம். இத்தன வருசமா. நான் இங்க குந்திக்கிட்டு அந்தக் கதவப் பாத்துக்கிட்டு இருக்கேன். எவனாச்சும் உள்ள போயிட்டா? தூங்கறதே இல்ல. இந்த இருமலுக்கு அதான் காரணம்னு ஆஸ்பத்திரி டிரசர் சொல்றாரு."

என் கணவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னால சொல்ல ஏலாது" என்றார் என்னிடம். மெதுவாக, கன்னையாவுக்குக் கேட்காதபடி. "செத்த வீட்டுச் சாமான் எண்டு தெரிஞ்சால் அவ அதை வீட்டில வைச்சிருக்கமாட்டா. அடுத்த சொல், அப்ப எனக்குத் தாருங்கோ எண்டு என்ர வாயில வரும். எனக்கு என்னைத் தெரியும். உள்ள நிக்கேக்கையே வந்தது."

"நான் சொல்லுறன்" என்றேன்.

அவர் திரும்பினார்.

"ஆனால் நீங்கள் அதைக் கேக்கக்கூடாது. இண்டைக்கும் இல்லை, பிறகும் இல்லை. அவ தந்தாலும் வாங்கக்கூடாது. அப்பிடியெண்டால் நான் போறன்."

தூரத்தில் வண்டி ஊதியது. கன்னையா கொடியை எடுத்துக்கொண்டு கேட்டை மூட ஓடினார். சரக்கு வண்டி. நீளமானது. அது முழுவதும் போகும்வரை என் கணவர் பெட்டிகளை எண்ணுவதுபோலப் பார்த்தார். அத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்த்தவர். சற்று முன் அதிலிருந்து ஒரு முழம் தூரத்தில் நின்றவர்.

கடைசிப் பெட்டி போனபின் தலையை ஆட்டினார். "ஸ்டேஷனில நிக்கிறன்" என்றார்.

நான் திரும்பிப் போனபோது பவுனம்மாள் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதையாச்சும் வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லை." அவள் எதிரே இருந்தேன். "அவர் சுத்தி இருக்கிற எழுத்தைச் சரியாச் சொல்லேல்லை."

"என்ன போட்டிருக்கு?"

முதலில் ஆங்கிலத்திலேயே படித்தேன். அது கோழைத்தனம். அவள் காத்திருந்தாள். பிறகு தமிழில் சொன்னேன்.

அவள் விரல் அரிசியில் ஒரு கல்லைத் தேடி எடுத்தது. வெளியே எறிந்தாள்.

"யாரு செத்ததா போட்டிருக்கு?"

"அதில ஒரு பேர்தான் இருக்குது, பவுனம்மா."

"அவருதான அனுப்பினாரு."

"இல்லை. ராசாவின்ர ஆக்கள் அனுப்பினது. சண்டையில செத்தவையின்ர வீட்டுக்கு மட்டும் அனுப்புறது. சீமையிலயும் அனுப்பினவை. எல்லா இடத்துக்கும் இதே சாமான்தான்."

"இதே அம்மன்?"

"அது அம்மன் இல்லை. வெள்ளைக்காரர் தங்கட நாட்டைப் பொம்பிளையாச் செய்து வைச்சது."

பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பால் இன்னும் காயவில்லை.

"அப்ப இத்தன வருசமா நான் வெள்ளைக்காரன் ஊருக்கா பால் ஊத்தினேன்?"

சட்டென்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

சுளகை நிலத்தில் வைத்தாள். எழுந்து போனாள். வட்டத்தை எடுத்து மஞ்சள் துணியிலேயே சுற்றினாள். கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. ஐயா பாத்த பார்வை எனக்குத் தெரியும். கும்புட வந்தவரு பாக்கற பார்வையில்ல. பசிச்ச புள்ள பாக்கற மாதிரி பாத்தாரு."

"வேண்டாம்."

"எனக்கு வேணாம்கிறேன். செத்த சேதியப் பூசையில வச்சிருந்தேன். எடுங்கக்கா."

அக்கா என்றாள். அதுவரை அம்மா என்றுதான் அழைத்தாள்.

"வாங்கினால், அதுக்காகத்தான் சொன்னதாப் போயிடும்" என்றேன். "பிறகு ஒருநாள், அந்தக் கிராணி ஆசைப்பட்டுச் சொன்ன பொய்யோ எண்டு உங்களுக்கே வரும்."

அவள் யோசித்தாள். நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். என் மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். துணியை அவிழ்த்தாள். அவன் பெயர் இருந்த சதுரத்தைக் கேட்டு, விரலால் தடவிப் பார்த்தாள். எழுத்துகள் மேடாக இருந்தன.

"இதான் அவரா?"

"ஓம்."

"எந்த நாளுன்னு போட்டிருக்கா?"

"இல்லை. பேர் மட்டும்தான்."

"ஒரு நாளு வேணும்ல. சோறு வைக்க."

"நாள் தெரியாட்டால், சேதி கேட்ட நாளை வைச்சுக்கொள்ளலாம்."

"இன்னைக்கு என்ன?"

"தேய்பிறை ஏகாதசி."

அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், மறக்காமலிருக்க. பிறகு பானையிலிருந்து இன்னும் ஒரு பிடி அரிசி அள்ளிச் சுளகில் போட்டாள்.

"கன்னையாவுக்குத் தெரியுமா?"

"கொஞ்ச நாளாத் தெரியும்."

"அதான் மூஞ்சியப் பாக்காம பேசுது." கல்லொன்றை எடுத்தாள். "சொல்லியிருந்தா தொடப்பத்தாலதான் அடிச்சிருப்பேன். அதுக்கும் தெரியும்."

நான் எழுந்தேன். அவள் வாசல்வரை வந்தாள். பொட்டு அப்படியே இருந்தது. என் முன்னால் அவள் அழவில்லை. நான் படியிறங்கியதும் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் தாழ்ப்பாள் விழுந்தது.

அடுத்த ஆண்டு தீபாவளிக்குக் கன்னையா ஒரு தூக்கு நிறைய முறுக்குக் கொண்டுவந்தார். யார் சுட்டது என்று நான் கேட்டேன். "வீட்டுல" என்றார். இருமல் குறைந்திருந்தது. சபாபதியின் வட்டம் இப்போதும் பலகையில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். குங்குமம் இல்லையாம். வெறும் திருநீறு மட்டும். ஏகாதசிக்குத் தானே போய் வாழையிலை அறுத்துக் கொடுத்ததாகச் சொன்னார்.

பவுனம்மாளிடம் சொல்லிவிட்டு வந்த அன்று, கிள்ளான் ஸ்டேஷனில் என் கணவர் கடைசி பெஞ்சில் இருந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"அழுதவவோ?"

"இல்லை. அரிசி பாத்தவ."

வண்டி வந்தது. ஏறினோம். பெட்டியில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரு சீனக் கிழவி கூடையில் வாத்து வைத்திருந்தாள். பாலம் கடந்தது. ஆறு கலங்கி ஓடியது.

"தந்தவவோ?" என்றார்.

"தந்தவ. என்ர மடியில வைச்சவ. நான் வாங்கேல்லை."

"நல்லது" என்றார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து தீகாவில் வண்டி நின்றது. யாரோ இறங்கினார்கள். மீண்டும் புறப்பட்டது. ரப்பர் மரங்கள் வந்தன. வெயில் சாய்ந்து மரங்களுக்கிடையில் செம்மையாக விழுந்தது. இப்போது அந்தப் பாதையில் போனால் வீடுகளும் கடைகளும் முளைத்திருக்கின்றன. எனக்கு அந்த மரங்கள்தான் தெரிகின்றன, அவற்றின் நிழல் ஓடுகிற ஒரு முகமும்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார், என்னைப் பார்க்காமல்.

"நீர் கையில பிடிச்சனீர் எல்லே. என்ன பாரம் இருக்கும்?"

நான் யோசித்தேன். அவர் கையை எடுத்து உள்ளங்கையை மேலே திருப்பினேன். என் கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

"இவ்வளவு."

"அவ்வளவுதானோ?"

"இன்னும் கொஞ்சம்." அழுத்தினேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். சீனக் கிழவி எங்களைப் பார்த்துவிட்டு வாத்தைப் பார்த்தாள். பெட்டாலிங் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.